நாடாவில் உறங்கும் குரல்

நுழையும்முன்

எழுதப்பட்ட சொல்லே நிலைக்கும்; பேசிய சொல் காற்றோடு போகும் என்பது நெடுங்கால நிலை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எளிய குடும்பங்களின் கைக்கு வந்த ஒலிப்பதிவுக் கருவி அந்நிலையை மாற்றியது. பாட்டிமாரின் கதைகளும் தாலாட்டும் கூத்தும் வீட்டுப் பேச்சும் ஒலிநாடாக்களில் பதிந்தன. அந்நாடாக்கள் இன்று பரண்களில் மெல்ல அழிந்து வருகின்றன. ஒரு கணினி, சில எளிய கருவிகள், பொறுமை ஆகியவை இருந்தால் அவற்றை வீட்டிலேயே மீட்க இயலும். தம் குடும்பத்து ஒலிநாடாக்களை மீட்ட ஒருவரின் பட்டறிவாக அமைகிறது இக்கட்டுரை.

பேசும் மடல்கள்

சிவகங்கைச் சீமையில், கண்மாய் நீரை நம்பி வாழும் சிற்றூர் எங்களுடையது. என் தந்தை 1983ஆம் ஆண்டு வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குச் சென்றார். என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்தவரிடம் சொல்லி எழுதுவிக்கும் மடலில், மகனிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் அவருடைய மடல்கள், "நலம், நலமறிய ஆவல்" என்னும் அளவிலேயே நின்றன.

முதல் விடுப்பில் ஊர் திரும்பிய தந்தை, ஒலிப்பதிவு செய்யும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். அதன்பின் அப்பத்தாவின் மடல்கள் பேசத் தொடங்கின. திண்ணையில் கருவியை வைத்துக்கொண்டு, மகன் எதிரில் அமர்ந்திருப்பதாகவே எண்ணி அவர் பேசுவார். விதைப்பு, மாடு, உறவினர் வீட்டுத் திருமணம், கண்மாயில் நிற்கும் நீர் என ஒன்றும் விடாமல் சொல்வார். பேசி முடித்த ஒலிப்பேழை, ஊரிலிருந்து செல்லும் யாரேனும் ஒருவரின் பெட்டியில் ஏறிக் கடல் கடக்கும். அக்காலத்தில் வெளிநாட்டில் உழைத்த பலருடைய குடும்பங்களில் இவ்வழக்கம் இருந்தது.

தந்தை 1991ஆம் ஆண்டு ஊர் திரும்பியபோது ஒன்பது ஒலிப்பேழைகள் அவருடன் வந்தன. சில ஆண்டுகளில் அப்பத்தா மறைந்தார், கருவியும் பழுதாயிற்று. ஒலிப்பேழைகள் தகரப்பெட்டி ஒன்றில் பரணேறின. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பெட்டியை யாரும் திறக்கவில்லை. தந்தைக்கு முதுமை வந்தபின் ஒருநாள், தம் தாயின் குரல் மறந்துகொண்டே வருவதாக அவர் சொன்னார். அன்றே நான் பெட்டியை இறக்கினேன்.

ஒலி நாடாவில் தங்குவது எவ்வாறு?

ஒன்றை மீட்பதற்கு முன் அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்று அறிதல் வேண்டும். ஒலிப்பேழையினுள் இருப்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுடைய மெல்லிய பாலியெஸ்டர் நாடா. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பசையுடன் கலந்து பூசப்பட்டிருக்கும். பதிவு செய்யும்போது, ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னலைகள் கருவியிலுள்ள காந்தமுனையை இயக்குகின்றன. நாடா அம்முனையை நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் விரைவில் உரசிச் செல்கிறது. அப்போது துகள்கள் ஒலிக்கேற்பக் காந்தமாகி அந்நிலையிலேயே நிற்கின்றன. மீண்டும் இயக்கும்போது, அக்காந்த வரிசை முனையில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதுவே ஒலிபெருக்கியில் குரலாகிறது.

சி-60 எனப்படும் ஒலிப்பேழை பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும். அதற்குள் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா சுற்றியிருக்கும். இத்தனை நீளமும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றியிருப்பதால் ஒரு புதுமை நிகழ்கிறது. ஒரு சுற்றின் காந்தத்தன்மை நாளடைவில் அடுத்த சுற்றில் மெல்லப் படிகிறது. அதனால் பழைய நாடாக்களில், பேச்சு தொடங்குமுன்பே அதன் சாயல் மிக மெல்லிதாகக் கேட்பதுண்டு.

ஈரம், வெப்பம், தூசி, காந்தம் ஆகிய நான்கும் நாடாவின் பகைகள். ஈரத்தால் நாடாவில் வெண்ணிறப் பூஞ்சை படரும், பசை இளகும். ஒலிபெருக்கியின் அருகே வைத்தால் அதிலுள்ள காந்தம் பதிவைக் கெடுக்கும். இவை எவையும் இல்லாவிடினும், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நாடா சிறிது தேய்கிறது. ஆகவே பழைய நாடாவைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லதன்று.

கற்றுத்தந்த முதற்பிழை

இவற்றை நான் அறிந்தது ஒரு பிழை செய்த பிறகே. ஆவலின் மிகுதியால், உறவினர் வீட்டில் நெடுநாள் முடங்கிக் கிடந்த கருவி ஒன்றை வாங்கி வந்து, முதல் ஒலிப்பேழையை அப்படியே இட்டு இயக்கினேன். குரல் எழுந்தது. "நீ வரும்போது எனக்கு..." என்று அப்பத்தா சொல்லிக்கொண்டிருக்கையில் குரல் குழறி நின்றது. கருவியிலுள்ள இரப்பர் உருளை பிசுபிசுத்துப் போயிருந்ததால், நாடா அதில் ஒட்டிச் சுருண்டு அறுந்துவிட்டது. கசங்கிய பகுதியை வெட்டி நீக்கித்தான் ஒட்ட முடிந்தது. அப்பத்தா என்ன வாங்கி வரச் சொன்னார் என்பது தந்தைக்கும் நினைவில் இல்லை. அச்சொற்கள் இனி எவருக்கும் கிடைக்கப்போவதில்லை.

அதன்பின், ஒலிப்பேழையைத் தொடுமுன் கருவியைச் சீர்செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவ்வொழுங்கு வருமாறு:

1. கருவியின் காந்தமுனையையும் நாடா செல்லும் உலோகப் பகுதிகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். இரப்பர் உருளை பிசுபிசுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

2. தேவையற்ற ஒலிப்பேழை ஒன்றை முதலில் இயக்கிப் பார்க்க வேண்டும். அது சிக்கின்றி முழுதும் ஓடினால் மட்டுமே மற்றவற்றை இடலாம்.

3. ஒலிப்பேழையின் மேல்விளிம்பில் இரு சிறு பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால், பதிவுப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. மீட்பில் முதற்காப்பு இதுவே.

4. தளர்ந்த நாடாவை, ஆறு பட்டையுள்ள பென்சிலைச் சக்கரத்தின் துளையில் செருகிச் சுழற்றி இறுக்கலாம்.

5. பூஞ்சை படர்ந்த நாடாவை இயக்கலாகாது. அது கருவியையும் கெடுக்கும், மூச்சுக்கும் தீங்கு. அதனைத் தனியே உறையிட்டு வைத்து, அறிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

6. அறுந்த நாடாவை ஒட்டுவதற்கென்றே மெல்லிய ஒட்டுப்பட்டை உண்டு. அதனை நாடாவின் பூச்சில்லாத பின்புறத்தில் ஒட்ட வேண்டும். அஞ்சலுறை ஒட்டும் சாதாரணப் பட்டையின் பசை கசிந்து அடுத்த சுற்றையும் ஒட்டிவிடும்.

நாடாவிலிருந்து கணினிக்கு

கருவியில் காதணிபேசிக்கென ஒரு துளை இருக்கும். அங்கிருந்து ஒரு கம்பிவடத்தைக் கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்கு இணைத்தல் வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகளில் ஒலிவாங்கிக்கான துளை மட்டுமே உண்டு. அது மிக மெல்லிய ஒலிக்கென அமைந்ததாகையால் குரல் கரகரக்கும். யுஎஸ்பி வழியே இணையும் சிறிய ஒலி இடைமுகக் கருவி ஒன்றைப் பயன்படுத்துவது நலம்.

பதிவு செய்ய நான் தேர்ந்தது ஆடாசிட்டி என்னும் மென்பொருளை. அது விலையின்றிக் கிடைப்பது. அதன் மூலநிரலும் அனைவருக்கும் திறந்திருப்பது. அதில் ஒலி, அலைவடிவமாகத் திரையில் விரியும். பதிவைத் தொடங்குமுன் நாடாவின் மிக உரத்த பகுதியைச் சிறிது ஓட்டி ஒலியளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். திரையிலுள்ள அளவுகோல் சுழியத்தைத் தொட்டால், அலைகளின் முகடுகள் வெட்டுண்டு குரல் சிதையும். அப்படி வெட்டுண்டதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க இயலாது. மிக உரத்த இடமும் சுழியத்துக்கு 6 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைப்பது காப்பானது.

கணினி ஒலியை எண்களாக்கிச் சேமிக்கிறது. நொடிக்கு 48,000 முறை ஒலியின் அளவை அது குறித்துக்கொள்ளுமாறு அமைத்தேன். ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாகப் பதிந்தால், ஏறத்தாழ 1 கோடியே 67 இலட்சம் படிகளில் ஒலியின் ஏற்ற இறக்கம் பதிவாகும். இம்முறையில் இரு தடங்களில் பதியும் ஒருமணி நேரப் பேச்சு, வேவ் வடிவில் ஏறத்தாழ 1 ஜிபி இடங்கொள்ளும். இடத்தைச் சுருக்க விரும்புவோர் ஃபிளாக் வடிவில் சேமிக்கலாம். அதில் எதுவும் இழக்கப்படுவதில்லை. எம்பி3 வடிவமோ, காதுக்கு எளிதில் புலப்படாதவை எனக் கருதும் ஒலிகளை நீக்கியே கோப்பைச் சிறிதாக்குகிறது. பிறர்க்கு அனுப்ப அது போதும். மூலமாகப் பேண அது பொருந்தாது.

இப்பணியில் விரைவுக்கு இடமில்லை. ஒருமணி நேர நாடா, ஒருமணி நேரம் ஓடியே தீரவேண்டும். ஒன்பது ஒலிப்பேழைகளுக்கு ஒன்பது மாலைகளை ஒதுக்கினேன்.

மழையைக் காணோம்

நாடாக்கள் யாவும் கணினிக்கு வந்தன. எல்லாவற்றிலும் பேச்சுக்கு அடியில் 'உஸ்' என்னும் நாடாவின் இரைச்சல் இருந்தது. அதனைக் குறைக்க ஆடாசிட்டியில் ஒரு வசதி உண்டு. பேச்சில்லாத சில நொடிகளைத் தேர்ந்து, "இதுவே இரைச்சல்" என மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அது அவ்விரைச்சலின் இயல்பை அறிந்துகொண்டு, பதிவு முழுவதிலும் அதனைக் குறைக்கும்.

1985ஆம் ஆண்டு ஐப்பசியில் பதிவான ஒலிப்பேழை அது. அதனை ஓடவிட்டுவிட்டு நான் வேறு வேலையில் இருந்தேன். பிறகு திரையில் பார்த்தபோது, நடுவில் ஏறத்தாழ அரை நிமிடம் குரலின் முகடுகள் இன்றி அலைவடிவம் தாழ்ந்து சீராக இருந்தது. பேச்சில்லாத இடம் கிடைத்தது என மகிழ்ந்து, அதனையே இரைச்சலின் மாதிரியாகக் காட்டினேன். கண்ணால் பார்த்தேனேயன்றிக் காதால் கேட்கவில்லை. இரைச்சல் முற்றிலும் நீங்கிக் குரல் பளிச்சென்று வந்தது.

அன்றிரவு அதனைத் தந்தைக்குக் கேட்கச் செய்தேன். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அப்பத்தா, "ஏப்பா, இங்க நல்ல மழை. நான் கொஞ்சம் பேசாம இருக்கேன், நீயே கேட்டுக்க" என்றார். பின்னர் அரை நிமிடம் ஓசையே இல்லை. தந்தை கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, மழையைக் காணோமே?" என்றார்.

பாலை நிலத்தில் வேலை செய்யும் மகனுக்கு ஊர்மழையை அனுப்பவேண்டும் என்று அப்பத்தா கருவியை வாசற்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அறையில் உடன் தங்கியிருந்த நால்வரும் அந்த அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்களாம். அந்த மழையைத்தான் நான் இரைச்சல் எனக் கருதி அழித்திருந்தேன். ஓயாது சீராகப் பொழியும் மழைக்கும் நாடாவின் இரைச்சலுக்கும் வேறுபாடு காண மென்பொருளுக்குத் தெரியாது. எதனை இரைச்சல் என்று காட்டுகிறோமோ அதனை அது நீக்கும். எது இரைச்சல், எது செய்தி என்று முடிவு செய்யவேண்டியவர் மனிதரே.

நல்வாய்ப்பாக, முதலில் பதிந்த கோப்பை நான் மாற்றாமல் வைத்திருந்தேன்; திருத்தமெல்லாம் அதன் படியில்தான் செய்திருந்தேன். மறுநாள் மூலக்கோப்பிலிருந்து புதிய படி ஒன்றை எடுத்தேன். அப்பத்தா பேசி முடித்தபின் வெறும் நாடா மட்டும் ஓடிய சில நொடிகளை இம்முறை காதால் கேட்டுத் தேர்ந்தேன். இரைச்சலை முழுதும் நீக்காமல் 6 டெசிபெல் மட்டும் குறைத்தேன். மழை திரும்பி வந்தது. அதன் ஊடே எங்கோ ஒரு கன்று கத்துவதும் கேட்டது. அக்கன்றின் பெயரைத் தந்தை உடனே சொன்னார்.

ஏட்டுச்சுவடி காட்டும் வழி

இந்நெறி நமக்குப் புதியதன்று. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதர், ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டினார். ஓர் ஏட்டுக்கும் மற்றோர் ஏட்டுக்கும் வேறுபாடு இருந்தபோது, பாட வேறுபாடுகளைக் குறித்துவைத்தார். அவர் திரட்டிய சுவடிகள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. பதிப்பு வெளிவந்துவிட்டது என்று சுவடியை எறியாததால்தான், பின்வந்தோர் மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஏட்டுக்குப் பொருந்தும் இம்முறையே ஒலிநாடாவுக்கும் பொருந்தும். மூலத்தைத் தொடாதே, திருத்துவதெல்லாம் படியிலேயே ஆகட்டும் என்பது இதன் சுருக்கம்.

பெயரிடலும் பேணலும்

மீட்ட ஒலி, தேடும்போது கிடைத்தால்தான் பயன். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், பேசுபவர், பக்கம் ஆகியவற்றை அவ்வரிசையிலேயே குறித்தல் வேண்டும். ஆண்டை முதலில் எழுதினால் கணினி தானே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். ஒலிப்பேழையின் உறையில் எழுதியிருப்பதையும் படமெடுத்து உடன் வைக்கலாம். எத்தனையாவது நிமிடத்தில் எது பேசப்படுகிறது என்னும் குறிப்பும் வேண்டும். நான் குறிப்பெடுக்கையில் அப்பத்தாவின் பேச்சை அவர் சொன்னவாறே எழுதினேன். 'வெள்ளன', 'அங்கிட்டு', 'ஒசக்க' என எங்கள் வட்டாரச் சொற்கள் அவற்றில் நிறைந்துள்ளன. அவற்றை எழுத்து வழக்குக்கு மாற்றியிருந்தால், மழையை நீக்கிய பிழையையே மீண்டும் செய்தவளாவேன்.

கணினியும் பழுதாகும் பொருளே. ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைச் சேமிப்பில் இருக்கவேண்டும். ஒன்று வேற்றிடத்தில் இருக்கவேண்டும். எங்கள் குரல்கோப்புகள் என் கணினியிலும் வெளி வன்தட்டிலும் மதுரையிலுள்ள தங்கை வீட்டிலும் உள்ளன. ஆண்டுக்கொருமுறை அவற்றைத் திறந்து, கேட்கின்றனவா எனச் சரிபார்க்கிறோம். ஒலிப்பேழைகளையும் எறியவில்லை, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்துள்ளோம்.

இறுதியாக ஒன்று. பேசும் மடலும் மடலே. அதில் குடும்பத்தின் மறைவான செய்திகளும் பிறரைப் பற்றிய சொற்களும் இருக்கும். உரியவரின் இசைவின்றி அதனைப் பலருக்கும் அனுப்புதல், பிறர் மடலைப் பிரித்துப் படிப்பதற்கு ஒப்பாகும்.

தந்தை இப்போது ஒவ்வோர் ஐப்பசியிலும் அந்த ஒலியைக் கேட்கிறார். மழை பொய்த்த ஆண்டிலும் எங்கள் வீட்டில் அரை நிமிடம் மழை பெய்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். அதனைத் திறக்குமுன் கருவியைத் துடையுங்கள். திருத்துமுன் காதால் கேளுங்கள்.

தெரிந்துகொள்வோம்

ஒலிப்பதிவு கடந்துவந்த பாதை

1877 – எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கச் செய்யும் போனோகிராப் கருவியை உருவாக்கினார்.
1898 – டென்மார்க்கைச் சேர்ந்த போல்சன், எஃகுக் கம்பியில் காந்தமுறையில் ஒலியைப் பதிந்தார்.
1928 – ஜெர்மனியில் ஃப்ளூமர், தாளில் இரும்பு ஆக்சைடு பூசிய நாடாவை உருவாக்கினார்.
1963 – பிலிப்ஸ் நிறுவனம் கையடக்க ஒலிப்பேழையை பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது.
2000 – ஆடாசிட்டி மென்பொருள் வெளியிடப்பட்டது.

அருஞ்சொற்பொருள்

ஒலிப்பேழை – கேசட். ஒலிநாடா – ஒலியைப் பதியும் காந்தப் பூச்சுள்ள நாடா. காந்தமுனை – நாடாவில் ஒலியைப் பதியவும் படிக்கவும் உதவும் உறுப்பு. மூலக்கோப்பு – திருத்தம் செய்யப்படாத முதற்பதிவு. பாட வேறுபாடு – ஒரே நூலின் ஏடுகளுக்கிடையே காணப்படும் சொல் வேறுபாடு. பரண் – பொருள்களை வைக்கக் கூரைக்குக் கீழே அமைத்த தட்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் பேச்சை அவருடைய இசைவுடன் பத்து நிமிடம் பதிவு செய்து, அவர் சொன்னவாறே எழுதி, வட்டாரச் சொற்களைத் தொகுக்க.
2. உங்கள் பகுதியில் ஒலிநாடாக்கள், பழைய ஒளிப்படங்கள், ஓலைச்சுவடிகள் ஆகியவை வைத்திருப்போரைக் கண்டு, அவை பேணப்படும் முறையைப் பற்றி வகுப்பில் உரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. மூலமாகப் பேணுவதற்குப் பொருந்தாத கோப்பு வடிவம்
அ) வேவ் ஆ) ஃபிளாக் இ) எம்பி3 ஈ) வேவ், ஃபிளாக் இரண்டும்

குறுவினா
1. ஒலிநாடாவின் பகைகள் எனக் கட்டுரை குறிப்பிடுவன யாவை?
2. ஒலிப்பேழையின் பற்களை உடைப்பது ஏன்?

சிறுவினா
1. "எது இரைச்சல், எது செய்தி என்று முடிவு செய்யவேண்டியவர் மனிதரே" – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. ஒலி நாடாவில் பதியும் முறையை விளக்குக.

நெடுவினா
1. சுவடிப் பதிப்புக்கும் ஒலிநாடா மீட்புக்கும் உள்ள ஒற்றுமையைக் கட்டுரைவழி நிறுவுக.